பாடம் தனி, ஞாயிற்றுக்கிழமை பொது

உங்கள் போனில் பாதியில் நிற்கும் ஆன்லைன் கோர்ஸ் எத்தனை? என் கணக்கு 11. பைத்தான், பவர் பிஐ, எக்செல், எதற்கென்றே நினைவில்லாத ஒரு ஜெர்மன் வகுப்பு. எல்லாவற்றிலும் முதல் வாரத்து வீடியோக்கள் பச்சை டிக்கோடு ஜம்மென்று இருக்கின்றன. மூன்றாம் வாரத்தைத் தாண்டியவை இரண்டே இரண்டு.

சோம்பேறித்தனம் என்று என்னை நானே திட்டிக்கொண்டு சில வருடம் ஓட்டினேன். ஆனால் இது எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை 2011-ல் செபாஸ்டியன் த்ரூனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். 1,60,000 பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை வந்தவர்கள் 20,000-க்குச் சற்று மேல். பாடம் நடத்தியவர்கள் அந்தத் துறையின் பெரிய தலைகள். அவர்களாலேயே மற்றவர்களை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. 'உங்கள் வேகத்தில் படிக்கலாம்' என்பதுதான் ஆன்லைன் படிப்பின் பெரிய வசதி. அந்த வசதிதான் நம்மைக் கவிழ்க்கவும் செய்கிறது. என் வேகம் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும்தானே பொருள்?

சரி, ஆள் சேர்த்தால் ஓடும் என்று ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் படிப்பு ஒன்றுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். ஒரே நாளில் 64 பேர். முதல் வாரம் வாழ்த்துகள். இரண்டாம் வாரம் "அசைன்மென்ட் ஆன்சர் இருக்கா ப்ரோ?" மூன்றாம் வாரமும் அதே கேள்வி, வேறு ப்ரோ. நான்காம் வாரம் யாரோ தீபாவளிப் பட்டாசு விலைப்பட்டியலைப் போட்டார்கள். அத்தோடு சரி.

ஆன்சர் கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். என்பிடெல்லில் அசைன்மென்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. 12 வார கோர்ஸ் என்றால் சிறந்த 8 அசைன்மென்ட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். டெலிகிராமில் வாங்கிய விடையை வைத்து 25-க்கு 25 அடித்துவிடலாம். ஆனால் தேர்வில் 75-க்கு 30 வராவிட்டால் சான்றிதழே கிடையாது. அந்த 30-ஐ எந்த ப்ரோவும் அனுப்பமாட்டார்.

பிறகு அமைந்ததுதான் எங்கள் ஐவர் குழு. ஞாயிறு காலை ஏழு மணி, கூகுள் மீட், ஒரு மணி நேரம். போன வருடம் டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் எடுத்தோம். ஆளுக்கொரு நிலையில் இருந்தோம். எனக்கு எக்செல் ஓரளவு தெரியும். திண்டுக்கல்லில் வங்கி வேலையில் இருக்கும் தோழி எங்களைவிட நாலு பாடம் முன்னால். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கும் தம்பி அடியிலிருந்து ஆரம்பித்தார். வாரத்தில் யார் எந்த வீடியோவை எத்தனை முறை பார்க்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கான தலைப்பு மட்டும் பொது.

ஒரு ஞாயிறு, இரண்டு டேபிளை இணைக்கும் லெஃப்ட் ஜாயின். வாடிக்கையாளர் டேபிள், ஆர்டர் டேபிள் என்று வீடியோவில் காட்டியதை ஐந்து பேரும் பார்த்திருந்தோம், ஐந்து பேரும் புரிந்தது என்றோம். தம்பிதான், "அக்கா, மொய் நோட்டை வெச்சு ஒருதடவை சொல்லிப் பார்க்கட்டுமா?" என்றார்.

பத்திரிகை வைத்தவர்கள் பட்டியல் இடதுபக்கம். மொய் நோட்டு வலதுபக்கம். இன்னர் ஜாயின் போட்டால் பத்திரிகையும் வாங்கி மொய்யும் எழுதியவர்கள் மட்டும் வருவார்கள். லெஃப்ட் ஜாயின் போட்டால் பத்திரிகை வாங்கிய எல்லாரும் வருவார்கள். மொய் எழுதாதவர் பெயருக்கு எதிரே காலி. "அந்தக் காலிதான்க்கா நல் (NULL)."

கைதட்டினோம். தோழி விடவில்லை. "ஐநூறுக்குக் கீழே எழுதினவங்க, எழுதாதவங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடு, பார்க்கலாம்." தம்பி, வடிகட்டும் வேர் (WHERE) வரியில் தொகை 500-க்குக் கீழ் என்று போட்டார். எழுதாதவர்கள் ஒருவர்கூட வரவில்லை. லெஃப்ட் ஜாயின் போட்டும் ஆளைக் காணோம்! இருபது நிமிடம் மண்டையைக் குடைந்தோம். காலியை 500-ஓடு ஒப்பிட்டால் எஸ்க்யூஎல் 'ஆம்' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. 'ஆம்' வராத வரியை வேர் கழித்துவிடும். 'அல்லது தொகை காலியாக இருந்தால்' என்று இன்னொரு நிபந்தனை சேர்த்த பிறகுதான் மொய் எழுதாத மகராசர்கள் வந்து சேர்ந்தார்கள். வீடியோவை மூன்று முறை பார்த்தும் எனக்கு இந்தச் சந்தேகமே வரவில்லை.

இப்படி ஒருவருக்கொருவர் விளக்கி மோதிப் படிப்பது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990-களிலேயே வகுப்பறையில் இதைச் செய்தார். ஒரு கேள்வி போடுவார். ஒவ்வொருவரும் முதலில் தனியாக விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். பிறகு மறுபடி விடை. நேற்றுப் புரிந்துகொண்டவனுக்குத்தான் எங்கே இடறும் என்பது நினைவிருக்கும். பேராசிரியருக்கு அது எப்போதோ மறந்திருக்கும். இதில் பலரும் கோட்டைவிடுவது அந்த முதல் படியைத்தான். தனியாக ஒரு விடை எழுதிவைக்காமல் கூட்டத்தில் உட்கார்ந்தால், நன்றாகப் பேசுகிறவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வருவோம். அதனால் எங்கள் குழுவில் சனி இரவுக்குள் அவரவர் விடையை அனுப்பிவிட வேண்டும், தப்பாக இருந்தாலும். தப்பாக இருந்தால் இன்னும் நல்லது, ஞாயிறன்று பேச விஷயம் கிடைக்கும்.

எத்தனை பேர்? நாலு அல்லது ஐந்து. எட்டு ஆனால் இருவர் ஒளிந்துகொள்வார்கள். பெரிய கூட்டத்தைப் பிரிக்க வேண்டும் என்பது பெரிய இடத்துக்கும் தெரிந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் இணையவழி பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்பில் மாணவர்களை ஹவுஸ் ஹவுஸாகப் பிரித்து, காடுகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். நீலகிரியும் உண்டு, பிச்சாவரமும் உண்டு. உங்கள் கோர்ஸில் அப்படி ஏற்பாடு இல்லையென்றால் நீங்களே ஆள் பிடியுங்கள். நெருங்கிய நண்பர்களைவிட அதே வேலைக்கு அலைகிற அரைகுறைப் பழக்கக்காரர்கள் மேல். நண்பர்களோடு உட்கார்ந்தால் பேச்சு பத்தாவது நிமிடத்தில் வேறு பக்கம் போய்விடும்.

சாட்ஜிபிடி இருக்கும்போது ஆள் எதற்கு என்று கேட்கலாம். இரவு ஒரு மணிக்கும் அது பொறுமையாக, உங்கள் அளவுக்கு இறங்கி விளக்கும். நானும் கேட்கிறேன். ஆனால் ஏழு மணிக்கு நான் வரவில்லையென்றால் 7.05-க்கு அது போன் பண்ணாது. தம்பி பண்ணுவார்.

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பயிற்சிக்காகக்கூட கம்பெனி டேட்டாவை வெளிக்குழுவில் காட்டாதீர்கள். பெயரை மாற்றினாலும் விலையும் அளவும் காட்டிக்கொடுத்துவிடும். மொய் நோட்டு போல ஒன்றை நீங்களே உருவாக்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்குள்ளேயே குழு அமைந்தால் மேலாளரிடம் சொல்லிவிட்டு நடத்துங்கள். வாரம் அரை மணி நேரம் அலுவல் நேரத்திலேயே கிடைத்தாலும் கிடைக்கும்.

நான் சில வருடமாக இன்டர்வியூ மேசையின் மறுபக்கத்திலும் உட்காருகிறேன். ரெஸ்யூமேயில் ஏழெட்டு சர்டிஃபிகேட் வரிசையாக இருந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: "இதுல எங்க மாட்டிக்கிட்டீங்க, எப்படி வெளிய வந்தீங்க?" வீடியோ மட்டும் பார்த்தவர்கள் பாடத்தலைப்புகளை ஒப்பிப்பார்கள். யாரோடாவது உட்கார்ந்து மோதிப் படித்தவர்களுக்கு ஒரு கதை இருக்கும், கதையில் ஒரு தவறு இருக்கும், அந்தத் தவறை யார் பிடித்தார் என்பதும் இருக்கும். கூட வேலை செய்ய அப்படிப்பட்டவரைத்தான் நான் எடுப்பேன். அதனால் ஞாயிறுதோறும் பிடிபட்ட தவறுகளை இரண்டு வரியில் குறித்துவையுங்கள். கோர்ஸ் முடியும்போது அந்த நோட்டு சர்டிஃபிகேட்டைவிடக் கனமாக இருக்கும்.

அடுத்த கோர்ஸில் சேருமுன் நாலு பேரிடம் ஞாயிறு காலை ஏழு மணி ஒத்துவருமா என்று கேளுங்கள். இரண்டு பேர் சரி என்றாலே போதும், முதல் வீடியோவைத் திறக்கலாம்.