பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கப்பலேறப் போகிறவர்களுக்கு

பிரான்ஸ் விசா கையில் இருந்தால் பிரான்சுக்குச் சொந்தமான எந்தத் தீவிலும் இறங்கலாம் என்று ஓர் ஏஜெண்ட் உங்களிடம் சொன்னால், கொடுத்த பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப்பும் மர்த்தினிக்கும் பிரான்சின் ஆட்சிப் பகுதிகள்தான். செல்லுபடியாகும் பணம் யூரோ, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தெருவில் மஞ்சள் தபால்பெட்டி. ஆனால் அவை ஷெங்கன் எல்லைக்குள் கிடையாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் பாரிஸ் போக ஒரு விசா வேண்டும், அந்தத் தீவுகளில் இறங்க இன்னொரு விசா வேண்டும். இது தெரியாமல் வந்த என் நாத்தனாரை பாரிஸ் ஓர்லி விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். நான் போய்விட்டேன். கூடப்பிறந்தவள் மாதிரி இருந்தவளை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போனேன் என்று எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில் இன்றைக்கும் பேச்சு இருக்கிறது. நடந்தது என்ன என்று நானே எழுதிவிடுகிறேன், போகப்போகிறவர்களுக்கும் உதவும்.

புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர் பக்கத்தில், பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த சொல்தா குடும்பத்தோடு சம்பந்தம் இல்லாத வீடு குறைவு. 1962-ல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடித்தார்கள். என் அக்காவின் மாமனார் எழுதிக் கொடுத்தவர், எங்கள் அப்பா கொடுக்காதவர். அதனால்தான் ஒரே பந்தியில் சாப்பிடுகிற எங்களுக்கு இரண்டு விதப் பாஸ்போர்ட். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். பிரான்சில் இருக்கும் அக்கா வீட்டு மாமாவுக்கு அறுபது முடிந்ததற்கு, குவாதலூப்பில் கிளம்பி ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றி அங்கேயே திரும்புகிற கப்பலில் பிள்ளைகள் இடம் பிடித்தார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் சம்பா அறுப்பை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். நானும் அவருடைய தங்கையும் கிளம்பினோம். என் பங்கை என் பணி ஓய்வுப் பணத்திலிருந்து நானே கட்டினேன், அக்கா தலையில் கட்டவில்லை. இதையும் சிலர் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பதால் குறிப்பிடுகிறேன்.

விசாவுக்கு நான் ஏஜெண்டிடம் போகவில்லை. விண்ணப்ப மையத்தில் கப்பல் பதிவுத் தாளை நீட்டி, “கப்பல் ஏறுகிற இடம் இது, நடுவில் இறங்குகிற இடங்கள் இவை, எனக்கு என்னென்ன வேண்டும்?” என்று கேட்டேன். இரண்டு விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்கள். கட்டணமும் காத்திருப்பும் கூடின. ஆனால் பாஸ்போர்ட் திரும்பி வந்தபோது அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு ஸ்டிக்கர் இருந்தன. அன்றைக்கு மாலையே நாத்தனார் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அவள் மாமியார் இருந்தார், பக்கத்து வீட்டு அம்மாள் இருந்தார். “உன் ஏஜெண்டை இன்னொரு தடவை கேட்டுப் பார்” என்றேன். “அண்ணி, இருபது வருஷமா இதே தொழில் பண்றவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடப்போகுது?” என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது? நான்தான் சொல்லவே இல்லை என்று இப்போது அவள் சொல்வது உண்மை இல்லை. கேட்ட இரண்டு பேரும் உயிரோடு, நல்ல நினைவோடு இருக்கிறார்கள்.

ஓர்லியில் கவுண்ட்டரில் இருந்த பெண் அவள் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். திரும்ப முதலிலிருந்து புரட்டினாள். பிறகு ஸ்டிக்கரின் மேல் வரியில், எங்கே செல்லும் என்று எழுதியிருக்கிற இடத்தில், விரலை வைத்து அக்கா மகளுக்குக் காட்டினாள். “ஷெங்கன் நாடுகள்” என்று மட்டும் இருந்தது. அக்கா மகள் பிரெஞ்சில் எவ்வளவோ பேசிப் பார்த்தாள். மேலதிகாரி ஒருவர் வந்தார், அவரும் அதே வரியைத்தான் காட்டினார். சரியான காகிதம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் விமான நிறுவனத்துக்கு அபராதம். அழுதாலும் கெஞ்சினாலும் அந்தக் கவுண்ட்டரில் ஒன்றும் நடக்காது. என்னுடையதை வாங்கினாள், அடுத்த பக்கத்தைத் திருப்பினாள், பெட்டிக்குச் சீட்டு ஒட்டிவிட்டாள்.

நான் நின்றிருக்க வேண்டும் என்கிறார்கள். நின்றால் என்ன ஆகியிருக்கும்? கப்பல் கிளம்புகிற நேரத்தில் ஆளைக் காணாவிட்டால் கட்டின பணத்தில் ஒரு காசு திரும்பாது. ஒருத்தி பணம் போனது போதாதென்று இரண்டு பேர் பணமும் போயிருக்கும். அவளைத் தெருவில் விடவில்லை. அக்காவின் மூத்த மகன் வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான், வீட்டில் அக்கா மருமகள் இருந்தாள். தீவில் இருக்கிற மாரியம்மனுக்குச் சாத்த வேண்டுமென்று அவள் ஊரிலிருந்தே ஒரு மஞ்சள் புடவை கொண்டுவந்திருந்தாள். அந்தக் கோபத்திலும் பெட்டியைத் திறந்து அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன்பிறகு என் பொறுப்பு.

வேதனை என்னவென்றால், நமக்கு அந்நியமான தீவுகளில்தான் நமக்கு வழி எளிது. பார்படோஸ், தொமினிக்கா, கிரெனடா, செயின்ட் வின்சென்ட் ஆகியவை இந்தியச் சுற்றுலாப் பயணிகளிடம் முன்கூட்டி விசா கேட்பதில்லை. போகுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் போதும். நம் ஆட்கள் போய்க் குடியேறிய பிரெஞ்சுத் தீவுகள்தான் கேட்கின்றன. மயாமியிலிருந்து புறப்படும் கப்பல் என்றால் அமெரிக்க விசா, அது வேறு கதை.

கப்பலேறும் நாள் காலையிலேயே போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுங்கள். கப்பல்காரர்கள் விற்கிற சுற்றுலாப் பட்டியலில் கடற்கரை இருந்தது, ரம் வடிக்கிற ஆலை இருந்தது, கார்பே அருவி இருந்தது. நம்மவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. கூட வந்த அக்காவின் இன்னொரு மகன் கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்றான். நான் விடவில்லை. அடிமை முறை 1848-ல் ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றினார்கள். ஒரேலி என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக்குக்கும், 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கும் முதல் கூட்டத்தைக் கொண்டுபோய் இறக்கியது. 1889 வரை குவாதலூப்புக்கு மட்டும் 42,000-க்கு மேல் ஆட்கள் போனார்கள், மர்த்தினிக்குக்கு ஏறக்குறைய 25,000 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம், முடிந்தால் திருப்பி அனுப்புவோம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. அந்த மண்ணில் காலை வைத்துவிட்டுக் கடலில் குளித்துவிட்டு வருவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

புவான்த்-ஆ-பித்ர் துறைமுகத்திலிருந்து காபெஸ்தேர் ஊர்ப் பக்கம் போகிற பெரிய சாலையிலேயே ஷான்ஜி என்ற இடத்தில் கோயில் இருக்கிறது. கூட்டமில்லாத சாலையில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுற்றிலும் வாழைத் தோட்டம். கோயிலுக்கு அடித்திருக்கிற நீலமும் சிவப்பும் நம் ஊர் வண்ணமேதான். மாரியம்மனோடு மதுரை வீரனையும் அந்த ஊர்க்காரர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெரியவர் கையில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பிரெஞ்சு எழுத்தில், நீல மையில், தமிழ்ப் பாட்டு. தாத்தா பாடக் கேட்டு அப்பா எழுதினது என்று அக்காவிடம் பிரெஞ்சில் சொன்னார். அர்த்தம் அவருக்குத் தெரியாது. இரண்டு அடி நான் கூடச் சேர்ந்து பாடியதும் நோட்டை மூடிவிட்டு என்னையே பார்த்தார். புடவையை வாங்கி வேப்பிலைக் கொத்தோடு அம்மன் காலடியில் வைத்தார். நாத்தனார் பெயரைச் சொல்லித்தான் கற்பூரம் ஏற்றச் சொன்னேன், அக்காதான் சாட்சி.

அந்த காபெஸ்தேரில் 1863-ல் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். கூலியாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை உண்டு, அவர்களும் பிரெஞ்சுக் குடிமக்களே என்று 1904-ல் தொடங்கி 1923 வரை வழக்காடி வென்றவர். நம் பிள்ளைகள் சுலபமாக நீட்டுகிற பிரெஞ்சு பாஸ்போர்ட்டின் பின்னால் அப்படியும் ஒரு கதை இருக்கிறது. காரில் போகும்போது இதை அக்கா பிள்ளைகளுக்குச் சொன்னேன். கடற்கரை கேட்ட பையன் அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை.

கப்பலில் ஏறுவது பெரிய காரியம் இல்லை. பெட்டியைக் கீழேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேர மாலையாகும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே உயிர்காப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள், போகாமல் இருக்க முடியாது. செல்போனைக் கப்பல் கிளம்பும் முன் ஃப்ளைட் மோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டு பில் ஏறும். ஜன்னல் இல்லாத உள்ளறையைத்தான் நான் எடுத்தேன். பால்கனி வேண்டாமா என்று கேலி செய்தார்கள். பகலெல்லாம் மேல்தளத்தில் கடல் இலவசமாகவே தெரிகிறது. வயிற்றைப் புரட்டாமல் தூங்குவதற்குக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தள அறைதான் நல்லது. சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். தினசரிச் சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு இவ்வளவு கடைசிப் பில்லில் வரும். டிக்கெட் விலையைப் பார்க்கும்போதே அதையும் கேட்டுவிடுங்கள். கடிகாரம் நம் ஊரைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால், இந்தத் தீவுகள் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

தீவில் இறங்கிச் சுற்றுவதற்குக் கப்பல்காரர்களின் பஸ்ஸா, வெளி டாக்சியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுற்றுவதென்றால் டாக்சி. ஏறுமுன் விலையை எந்தப் பணத்தில் சொல்கிறார் என்று கேளுங்கள். செயின்ட் லூசியா, கிரெனடா, தொமினிக்கா பக்கம் கிழக்குக் கரீபிய டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். டாலர் என்று மட்டும் சொன்னால் எந்த டாலர் என்று தெரியாமல் இரண்டரை மடங்குக்கு மேல் கொடுத்துவிடுவோம். தூரமாகப் போவதென்றால் கப்பலின் பஸ்ஸில் போங்கள். அது பிந்தினால் கப்பல் காத்திருக்கும், உங்கள் டாக்சி பிந்தினால் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு முன்பே ஏறுபடியை எடுத்துவிடுவார்கள், அதனால் கடைசியாக ஏற வேண்டிய நேரம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காபெஸ்தேர் தூரம்தானே என்பீர்கள். நாங்கள் போனது கப்பலேறும் நாள், மாலை வரை நேரம் இருந்தது.

பையன்களுக்கு ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட சட்டை, தொப்பி எதுவும் எடுத்துப் போகாதீர்கள். பார்படோஸ், செயின்ட் லூசியா, கிரெனடா முதலிய தீவுகளில் பொதுமக்கள் அந்தத் துணியைப் போடுவது சட்டப்படி குற்றம், குழந்தைகளுக்கும் சேர்த்து. பிரெஞ்சுத் தீவுகளின் கடற்கரையில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்த மரம் நிற்கும். நிழல் நன்றாக இருக்கிறதே என்று அதன் கீழே பாய் விரிக்காதீர்கள். பச்சை ஆப்பிள் போலப் பழம் இருக்கும், அது விஷம், பாலும் விஷம், மழைக்கு ஒதுங்கினால் சொட்டுகிற தண்ணீர் பட்டே தோல் வெந்துவிடும். நல்ல பருவம் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

திரும்புகிற வழிக்கும் காகிதம் வேண்டும். தீவுக்குப் போகிறபோதே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டீர்கள். பாரிஸில் திரும்ப இறங்குவது இன்னொரு நுழைவு. ஒருமுறை மட்டும் நுழையலாம் என்று ஸ்டிக்கரில் இருந்தால் அங்கே நிறுத்துவார்கள். தீவு விசாவும் அப்படியே: குவாதலூப்பில் ஏறி, செயின்ட் லூசியா போய், மர்த்தினிக்கில் இறங்கினால் அது இரண்டாவது நுழைவு. அதனால் இரண்டு விண்ணப்பத்திலும் பலமுறை நுழைவு என்று கேளுங்கள், கப்பல் நிற்கிற துறைமுகங்களின் பட்டியலையும் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் வாங்கிய இடத்திலேயே நின்று, எங்கே செல்லும், எத்தனை முறை செல்லும் என்ற இரண்டு வரியையும் படியுங்கள். நாத்தனாரின் ஸ்டிக்கரில் இரண்டாவது வரியிலும் ஒன்று என்றுதான் இருந்தது. என் இரண்டு விண்ணப்பத்தின் நகலும் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போகலாம், ஏஜெண்டும் வரலாம்.