செங்குவாங்கும் பம்பளிமாசும்: அடுப்பேறாத ஒரு பச்சடி

பொழுது புலருமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, நிறை நிறையாக மரம் வெட்டி, பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிடுகிறது. அந்நேரத்தில் மறுபடியும் அடுப்பு மூட்ட எவருக்கும் மனம் வருவதில்லை. காலையில் ஆக்கிய சோறு, பொரித்த கருவாடு, ஒரு குவளை இனிப்புத் தேநீர் என்ற அளவில் பல வீடுகளில் மதிய உணவு முடிந்துவிடுகிறது. வயிறு நிறைகிறது. ஆயினும் உடலுக்கு நாள்தோறும் வேண்டிய ஒரு சத்து அவ்வுணவில் ஏறக்குறைய இல்லவே இல்லை. வைட்டமின் 'சி' எனப்படும் அச்சத்தை, அடுப்பின் உதவியின்றி, அரை மணி நேரத்தில் பெறும் வழியொன்றை இங்கே காண்போம்.

இதற்கு வேண்டிய முதற்பொருள் செங்குவாங் கிழங்கு. சந்தையில் இதனைப் பார்க்காதவர் இலர். பம்பரம் போன்ற வடிவமும், மண்நிறத் தோலும், உள்ளே பால் போன்ற வெண்சதையும் கொண்டது. ரோஜாக்கிலும் போப்பியாவிலும் நாம் அனைவரும் இதனை உண்டிருக்கிறோம். ஆனால் வீட்டிற்கென்று வாங்கிச் செல்வோர் நம்மவருள் குறைவு. கிழங்கு என்றால் அவித்தோ குழம்பில் இட்டோ உண்பதே நம் வழக்கம். பச்சையாகக் கடித்து உண்ணும் கிழங்கு என்றதும் ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. உண்மையில் இது மரவள்ளி, சேனை ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்ததன்று. அவரை இனத்துக் கொடி ஒன்றின் வேர் பருத்துக் கிழங்காகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். மாவுச்சத்து மிகக் குறைவு. அதனால்தான் வேகவைக்காமலே மொறுமொறுவென்று உண்ண முடிகிறது.

இக்கிழங்கின் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த நாடுகளும் ஆகும். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திற்கும் பிலிப்பைன்சின் மணிலாவிற்கும் இடையே ஸ்பானியர் வணிகக் கப்பல்களை ஓட்டினர். அக்கப்பல்களின் வழியே பிலிப்பைன்சை அடைந்த கிழங்கு, பின்னர் இவ்வட்டாரம் முழுவதும் பரவிற்று. மெக்சிகோவில் 'ஹிக்காமா' என்றும், பிலிப்பைன்சில் 'சிங்கமாஸ்' என்றும், மலாயில் 'செங்குவாங்', 'பெங்குவாங்' என்றும் வழங்குகிறது. நாம் வெட்டும் ரப்பர் மரத்தின் கதையும் இதற்கு நெருங்கியதே. தென் அமெரிக்காவின் பிரேசிலிலிருந்து 1876-இல் இலண்டனுக்கு விதைகள் கொண்டுசெல்லப்பட்டு, 1877-இல் 22 நாற்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. இப்பச்சடியில் சேரும் மிளகாயும் வேர்க்கடலையுங்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. பம்பளிமாஸ் மட்டும் நம் தென்கிழக்காசியாவுக்கே உரியது. ஈப்போவை அடுத்த தம்பூன் வழியே செல்லும் எவரும் சாலையோரக் கடைகளில் அது குவிந்திருப்பதைக் கண்டிருப்பர்.

புளிப்புப் பழங்களுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பு கடலில் கண்டறியப்பட்டது. பல மாதங்கள் உப்பிட்ட இறைச்சியும் காய்ந்த ரொட்டியுமே உண்ட கப்பலோட்டிகளுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது, பழைய புண் மீண்டும் திறந்தது, பலர் மாண்டனர். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர், நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினர்.

நம் வீடுகளில் அந்நோய் அரிது. நம்மிடையே காணும் குறை வேறு. கருவுற்ற தாய்மார்களும் வளரும் பெண்பிள்ளைகளும் மெலிந்து, வெளிறி, சிறிது நடந்தாலே மூச்சு வாங்குவதைக் காண்கிறோம். பெரும்பாலும் இது இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை. "நாங்கள்தாம் முருங்கைக்கீரை உண்கிறோமே" என்று அவர்கள் கேட்பதுண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளை உணவில் வைட்டமின் 'சி' இருந்தால் அவ்விரும்பு உடலில் சேர்வது கூடுகிறது. உணவுடன் தேநீர் அருந்தினாலோ, தேயிலையின் துவர்ப்புச்சத்து அதனைத் தடுக்கிறது. ஆகவே கீரைக் குழம்பு வைக்கும் நாளில் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு, அதன் இடத்தில் இப்பச்சடியை வைத்துப் பாருங்கள். செலவு அதிகமில்லை; சமையலில் வேறு மாற்றமும் வேண்டியதில்லை. இரத்தசோகை என்று மருத்துவர் கூறி மாத்திரை கொடுத்திருப்பின், மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சடியை நம்புதல் கூடாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். ஐவர் உண்ண, தோல் நீக்கிய செங்குவாங் 400 கிராம், பம்பளிமாஸ் சுளை 300 கிராம், கஸ்தூரி எலுமிச்சை ஆறு, சின்ன வெங்காயம் நான்கு, பச்சைமிளகாய் ஒன்றோ இரண்டோ, ஒரு பிடி புதினா, வறுத்து இடித்த வேர்க்கடலை மூன்று மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி போதும். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 100 கிராம் செங்குவாங்கில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் வைட்டமின் 'சி' உண்டு. அதே அளவு பம்பளிமாசில் ஏறத்தாழ 60. முன்னதில் 80, பின்னதில் 180, ஆக 260. ஐவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 52 மில்லிகிராம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 70 மில்லிகிராம் அளவே. ஆக, ஒரு கிண்ணத்திலேயே பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

கிழங்கை வாங்கும்போது பெரியது நல்லது என்று எண்ணாதீர்கள். மிகப் பெருத்தவை நார் பாய்ந்திருக்கும். இரண்டு கைப்பிடி அளவில், அழுத்தினால் இறுகியும், தூக்கினால் கனத்தும், தோலில் வெட்டோ ஈரக்கசிவோ இன்றியும் இருப்பதே தக்கது. முழுக்கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டா. கடுங்குளிர் அதற்கு ஆகாது. சதை பழுப்பேறி அழுகும். காற்றாடும் நிழலில், ஈரம் படாமல், உருளைக்கிழங்கைப் போல் வைத்தாலே இரண்டு வாரம் கெடாது. நறுக்கிவிட்டால் மட்டும் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் உண்டுவிட வேண்டும். பம்பளிமாசை உருவத்தைக் கொண்டு மதிப்பிடாமல் எடையைக் கொண்டு மதிப்பிடுக. உருவம் பெரிதாய் எடை குறைந்ததில் தோலே மிகுதி.

செங்குவாங்கின் தோலைச் சீவ வேண்டியதில்லை. காம்புப் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் இட்டுப் பற்றி இழுத்தால் பட்டையாக உரிந்துவரும். அதனடியில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கும், அதனையும் நீக்கிவிடுங்கள். பிறகு தீக்குச்சியை விடச் சற்றுத் தடித்த குச்சிகளாக நறுக்குக. துருவலில் இட்டுத் துருவினால் நீர் வடிந்து சக்கையாகும். பம்பளிமாசின் தலைப்பகுதியை வெட்டி, மேலிருந்து கீழாக ஆறேழு கீறல் இட்டு, தடித்த தோலை உரித்து, வெள்ளைப் பஞ்சையும் எடுத்துவிட வேண்டும். கசப்பு இருப்பது பஞ்சிலும், சுளையைச் சுற்றிய தோலிலும், விதையிலுமே. அவற்றை அகற்றி, சுளையைக் கசக்காமல் பூப்போலப் பிரித்து வைக்கவும். சிறுபிள்ளைகள் இவ்வேலையை விரும்பிச் செய்வர். பாதி வாய்க்குப் போகும் என்பதையும் கணக்கில் கொள்க!

உப்பை எப்பொழுது சேர்ப்பது? இதனை நான் கற்றது பலர் முன்னிலையில். சில ஆண்டுகளுக்கு முன் பேராக்கில் ஒரு தோட்டத்து மாதர் வகுப்பில் இதனைச் செய்து காட்டச் சென்றேன். பேச்சுக்கு நேரம் வேண்டும் என்று கருதி, எல்லாவற்றையும் முன்கூட்டியே நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து மூடி வைத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் சத்துணவைப் பற்றிப் பேசி முடித்து மூடியைத் திறந்தபோது, பாத்திரத்தில் நீர் தேங்கி நின்றது. கிழங்கு துவண்டு கிடந்தது. முன்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எட்டிப் பார்த்து, "ஐயா, இது பச்சடியா, ரசமா?" என்றார். கூடம் முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அவரே, "ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டி உப்புப் போட்டா தண்ணி விடும்லங்க, அது போலத்தான் இதுவும்" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் சரி. ஒவ்வொரு காயும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணறைகளால் ஆனது. அவ்வறைகள் நீர் நிறைந்து விறைப்பாக இருப்பதால்தான் கடிக்கும்போது மொறுமொறுப்பு. வெளியே உப்பு மிகுந்தால் அறைக்குள் இருக்கும் நீர் மென்சவ்வைக் கடந்து வெளியேறும், அறை தளர்ந்துவிடும். பள்ளியில் சவ்வூடு பரவல் என்று இதனையே படிக்கிறோம். நானும் வகுப்பறையில் பலமுறை கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியதுதான். கைக்குக் கிண்ணம் வந்தபோது மறந்துவிட்டேன். ஆகவே உப்பு, சீனி, எலுமிச்சைச் சாறு மூன்றையும் ஒரு கோப்பையில் கரைத்துத் தனியே வையுங்கள். எல்லோரும் கைகழுவி அமர்ந்த பிறகு, கிழங்கு, சுளை, மெல்லியதாய் அரிந்த வெங்காயம், மிளகாய், புதினா ஆகியவற்றின் மீது ஊற்றி இரு கைகளால் இலேசாகப் புரட்டி, கடைசியில் கடலையைத் தூவுக. கடலையை முன்னரே கலந்தால் அதுவும் ஊறிப்போகும். காய்ந்த இறாலை வறுத்து இடித்துச் சேர்ப்போரும் உண்டு; சுவையாகவே இருக்கும். பெலாச்சான் சேர்ப்பது அவரவர் விருப்பம். எனக்கு அதில் உடன்பாடில்லை, பம்பளிமாசின் மணம் போய்விடுகிறது.

சமைத்த உணவில் தீ பல கிருமிகளைக் கொன்றுவிடும். இங்கே தீ இல்லை. எனவே தூய்மை ஒன்றே காவல். கிழங்கை மண் போகக் கழுவிய பிறகே உரிக்க வேண்டும். மீன் அறுத்த பலகையிலும் கத்தியிலும் இதனை நறுக்கவே கூடாது. புதினாவை அலசக் குழாய்நீரில் ஐயமிருந்தால் கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துக. களைக்கொல்லி தெளித்தவரும், பால் உறைய வைக்கும் அமிலத்தைக் கையாண்டவரும் சோப்பிட்டுக் கைகழுவி, உடைமாற்றிய பின்னரே சமையலறைப் பக்கம் வர வேண்டும்.

நீரிழிவு உள்ளவர் சீனியை விட்டுவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். இன்னொரு செய்தியைப் பெரியவர்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். பம்பளிமாசில் உள்ள சில பொருள்கள், குடலும் ஈரலும் மருந்தைச் சிதைக்கும் வேலையைத் தடுக்கின்றன. அதனால் சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகள், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியன இரத்தத்தில் அளவுக்கு மீறிச் சேரக்கூடும். எல்லா மாத்திரைகளுக்கும் இது பொருந்தாது. அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும்போது மாத்திரை உறையைக் காட்டி, "இதனை உண்ணும் நான் பம்பளிமாஸ் சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரையில் அதன் இடத்தில் சாதாரண இனிப்பு ஆரஞ்சுச் சுளையைச் சேர்க்கலாம். பச்சடியின் நிறம் மாறும். சுவை அவ்வளவாக மாறாது.

வீட்டின் பின்புறத்தில் இக்கொடியை வளர்க்க விரும்புவோர் சிலர் இருப்பர். விதையிலிருந்தே முளைக்கும். நீர் தேங்காத, இளகிய மணற்பாங்கான மண் வேண்டும். பூக்களைக் கிள்ளிவிட்டால் சத்து முழுவதும் வேருக்கு இறங்கும். நான்கு முதல் ஆறு மாதங்களில் கிழங்கு தேறிவிடும். பூக்களைக் கிள்ளுவதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. கிழங்கு உண்ணத் தக்கது. ஆனால் இக்கொடியின் முற்றிய காயும் விதையும் நஞ்சு. ஆற்றில் மீன் மயங்கிப் பிடிபடுவதற்குத் தூபா வேரை இடித்துப் போடும் பழைய வழக்கம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். தூபா வேரில் உள்ள ரொட்டெனோன் என்னும் அதே நச்சுப்பொருள்தான் இவ்விதையிலும் இருக்கிறது. காய் பார்ப்பதற்கு அவரைக்காய் போலவும், விதை பருப்பு போலவும் தோன்றுவதால், உண்ணலாம் என்று எண்ணி ஏமாந்து நோயுற்றவர்கள் தாய்லாந்து முதலிய நாடுகளில் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. வாயைச் சுற்றி மரத்துப் போதல், வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை அடுத்தடுத்து வரக்கூடும்.

எனவே விதைப்புக்கு வைத்திருக்கும் விதைகளைப் பருப்பு டப்பாக்களின் அருகில் வைக்காமல், பெயர் எழுதி ஒட்டிய தனி டப்பாவில் இட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எவரேனும் தவறி உண்டுவிட்டால், கைவைத்தியம் எதுவும் செய்யாது, எஞ்சிய காயையோ விதையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். உண்டது இன்னதென்று மருத்துவருக்குத் தெரிவது மிக முக்கியம்.