கொண்டையை விட வேண்டாம், இறுக்கத்தை விடுங்கள்

கேள்வி: இடுப்பு தாண்டிய கூந்தல். தினமும் கொண்டை போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் தலை வலிக்கிறது. நெற்றியோர முடியும் மெலிகிறது. என்ன செய்ய?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தினமும் ஒரே இடத்தில் இழுபட்டால் வேர்க்கால் பலவீனமாகி முடி உதிரும். தொடக்கத்திலேயே தளர்த்தினால் பெரும்பாலும் திரும்ப வளரும். உச்சிக்கொண்டை வேண்டாம், பிடரியில் தாழ்வாகப் போடுங்கள். தாமிரபரணியில் குளித்த கையோடு முடியாதீர்கள். ஈர முடி சட்டென்று அறும். உலர்த்தி, சிக்கெடுத்து, தளரப் பின்னிச் சுருட்டி, நாலைந்து கொண்டை ஊசி செருகினால் போதும். வீட்டில் இருக்கும்போது கோடாலி முடிச்சு. இடம், வலம் என மாற்றிப் போடுங்கள். விதவிதமான கொண்டைகளைக் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிலைகளில் பார்க்கலாம். தளர்த்திய பிறகும் உதிர்ந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.