தவிட்டில் இருந்த மருந்து

காரணமின்றிக் காரியமில்லை. நோய்க்கும் இவ்விதி பொருந்தும்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜாவாத் தீவின் பட்டேவியா நகரில், பெரிபெரி என்னும் நோயால் பலர் கால் தளர்ந்து மாண்டனர். கிருமியே காரணமென்று தேடிய டச்சு மருத்துவர் எய்க்மன், தாம் வளர்த்த கோழிகளிடத்தும் அத்தளர்ச்சியைக் கண்டார். தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்றபோது அவை நோயுற்றன. தீட்டாத அரிசியை உண்டதும் தேறின. சோற்றில் நஞ்சுண்டென அவர் கருதினார். 1901-இல் கிரைன்ஸ் என்பார், நஞ்சன்று, தவிட்டோடு நீங்கிய ஒரு சத்தின் குறைவே காரணமென விளக்கினார். அச்சத்தே தயாமின். 1929-இல் எய்க்மன் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

நெல்லை ஊறவைத்துப் புழுக்கும்போது, அச்சத்தில் ஒரு பகுதி அரிசியினுள் இறங்கிவிடுகிறது. ஆதலின், பின்னர்த் தீட்டினும் அது முற்றும் அழிவதில்லை.

அன்பர்களே! வெண்மையே உயர்வென்றெண்ணி, மிகத் தீட்டிய பச்சரிசியை நாள்தோறும் குழந்தைகளுக்கு ஊட்டாதீர். புழுங்கலரிசியைக் கொள்க; பலமுறை களையாதீர்; வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்; பருப்பும் கீரையும் சேர்த்துண்க. நிறத்தைக் கொண்டு உயர்வு தாழ்வு கற்பிக்கும் மயக்கம் உணவிலும் நமக்கு வேண்டாம்.