நகரத்தைத் திறக்கும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

ஜிடிஏ ஐந்தில் தமிழ் ரோல்பிளே சர்வர் ஒன்று தொடங்கப் போவதாக எழுதியிருந்தாய். எங்கே வாடகைக்கு எடுக்கலாம், எந்த ஃபிரேம்வொர்க் நல்லது, எவ்வளவு ரேம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். மூன்றும் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலை. மும்பையிலோ சிங்கப்பூரிலோ ஒரு மெஷின் எடு. உன் ஆட்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்தால் பிங் குறைவாக இருக்கும். சர்வரை நிர்வகிக்கும் டிஎக்ஸ்அட்மினில் ஒரு ரெசிபியைத் தேர்ந்தெடுத்தால் கியூபிகோரோ ஈஎஸ்எக்ஸோ, எந்த ஃபிரேம்வொர்க்கானாலும், டேட்டாபேஸ் அட்டவணைகளோடு சேர்ந்து தானே இறங்கிக்கொள்ளும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உன் நகரத்துக்குள் நீ தனியாக நடந்து பார்த்துவிடலாம். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும், எத்தனை மாதத்துக்கு என்பதை மட்டும் நீ கேட்கவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முதலில் நாலு வரி. ஜிடிஏ ஐந்து 2013-இல் வந்த விளையாட்டு; கணினிக்கு 2015-இல் வந்தது. அதை வாங்கியவர்கள் ஃபைவ்எம் என்ற மென்பொருள் வழியாக, தனியார் நடத்தும் சர்வர்களில் சேர்ந்து ஆடலாம். தொடக்கத்தில், விளையாட்டை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை; 2015-இல் ஃபைவ்எம் எழுதியவர்களின் கணக்குகளையே முடக்கியது. 2023 ஆகஸ்டில் அதே குழுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ரோல்பிளே சர்வரில் ஜெயிப்பது நோக்கமில்லை. ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுவார், இன்னொருவர் மெக்கானிக் ஷெட் போடுவார், சிலர் போலீஸ், சிலர் திருடர்கள். மைக்கில் பேசிப் பேசியே கதை நகரும்.

சுடும் ஆட்டங்களில் ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். தோற்றவன் அடுத்த சுற்றில் புதிதாகத் தொடங்குவான். இங்கே எதுவும் முடிவதில்லை. போன வாரம் வாங்கிய கடன், நேற்றுப் பதிவான வழக்கு, கேங் மாறியவன் மீதிருக்கும் பகை எல்லாம் இன்றைக்கும் அப்படியே நிற்கும். நடத்துகிறவனின் நிலைமையோ கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் நிலைமை. பசித்தாலும் உட்கார முடியாது. கடைசிப் பந்தியில் ரசம் மிஞ்சினால் உண்டு. உனக்கு ரோல்பிளே ஆடத்தான் ஆசை என்றால், வேறொருவர் நன்றாக நடத்தும் நகரத்தில் போய் ஆடு. சர்வர் சொந்தக்காரர்களில் பலர் தங்கள் பாத்திரத்துக்குள் நுழைந்தே மாதங்கள் ஆகியிருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு எப்படிப் போகும் என்று பார். பத்தரை மணி, நகரத்தில் நாற்பது பேர். டிஸ்கார்டில் டிக்கெட் வருகிறது: "அண்ணா, ஆர்டிஎம். காரணமே இல்லாம சுட்டுட்டான்." கூடவே சின்னதாக ஒரு கிளிப். பெட்ரோல் பங்க்கில் நிற்கிறவனை ஒருவன் காரிலிருந்து இறங்கிச் சுடுகிறான். பார்த்தவுடன் பேன் போடக் கை துறுதுறுக்கும். போடாதே. கிளிப் தொடங்குவதற்கு முன்னால் நடந்தது கிளிப்பில் இருக்காது. சுட்டவனைக் கூப்பிட்டுக் கேட்டால், "செவ்வாய்க்கிழமை எங்க ஆளைக் கடத்தினான். இனி பார்த்தால் சுடுவோம்னு மெசேஜ் போட்டிருக்கோம்" என்கிறான். விளையாட்டுக்குள் இருக்கும் போனின் மெசேஜ்களை டேட்டாபேஸில் தேடுகிறாய். மிரட்டல் இருக்கிறது, அனுப்பியவன் இவனில்லை, இவன் கூட்டாளி. அதை இவனுக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்ளலாமா? அடுத்த சிக்கல்: எதிராளி அந்த பங்க்கில் நிற்பது இவனுக்கு எப்படித் தெரிந்தது? எதிராளியோ யூடியூபில் ஸ்ட்ரீம் செய்துகொண்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தால் மெட்டாகேமிங். பார்த்தான் என்று எப்படி நிரூபிப்பாய்? இருவரையும் வாய்ஸ் சேனலில் உட்காரவைத்துப் பேசி, தீர்ப்பையும் அதற்கான காரணத்தையும் எழுதி, டிக்கெட்டை மூடும்போது மணி பன்னிரண்டேகால். நடுவில் இன்னும் மூன்று டிக்கெட் வந்து காத்திருக்கும். அதில் ஒன்று, கடலில் விழுந்த காரைத் திருப்பித் தரச் சொல்லி.

இந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் நீ எழுதிய கோட் ஒரு வரிகூட இல்லை. காரணத்தை எழுதிவைக்கிறாயே, அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதே. அடுத்த மாதம் இதே மாதிரி வழக்கு வேறொரு அட்மினிடம் போகும். அவர் வேறு தீர்ப்புச் சொன்னால், அட்மின் கூட்டாளிக்கு ஒரு நியாயம், மற்றவனுக்கு ஒரு நியாயம் என்று பேச்சு கிளம்பிவிடும். சர்வர்கள் காலியாவது லேக்கால் என்பதைவிட இந்தப் பேச்சால்தான் என்பது என் கணிப்பு.

அடுத்தது பணம். நகரத்துக்குள் ஓடும் பொய்ப் பணத்தைச் சொல்கிறேன். இதைச் சின்ன விஷயமாக நினைத்துவிடாதே. டாக்ஸி ஓட்டினால் சம்பளம், குப்பை அள்ளினால் சம்பளம், போலீஸுக்கு மாதச் சம்பளம் என்று வைப்பாய். அந்தப் பணம் யார் பையிலிருந்தும் வருவதில்லை. ஸ்கிரிப்ட் புதிதாக உண்டாக்குகிறது. பெட்ரோல், ரிப்பேர், வீட்டு வாடகை, அபராதம் என்று அது மறைய வழி வேண்டும். உண்டாவது அதிகம், மறைவது குறைவு என்றால் சில வாரங்களில் எல்லார் கையிலும் கோடி இருக்கும். கோடீஸ்வரன் டாக்ஸி ஓட்டமாட்டான், மெக்கானிக்கிடம் பேரம் பேசமாட்டான். திருடனுக்கும் திருடக் காரணம் இருக்காது. சண்டை போடுவதைத் தவிர நகரத்தில் செய்ய வேலை இல்லாமல் போகும். வாரம் ஒருமுறையாவது உட்கார்ந்து, மொத்தப் பணம் எவ்வளவு, யாரிடம் குவிந்திருக்கிறது, எந்த வேலை அதிகம் கொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நகரம் உயிரோடு இருக்கும்வரை இந்த வேலை இருக்கும்.

இதில் டூப், அதாவது ஒரே பொருள் இரண்டாகிற ஓட்டை, வேறு வரும். ஒருவன் பையிலிருக்கும் பொருளும் அவன் கார் டிக்கியிலிருக்கும் பொருளும் டேட்டாபேஸில் தனித்தனியாக, வேறு வேறு நேரத்தில் சேமிக்கப்படுகின்றன என்று வை. பணக்கட்டை டிக்கியில் போடுகிறான், டிக்கி சேமிக்கப்பட்டுவிட்டது. பை சேமிக்கப்படும் முன் சர்வர் கிராஷ். திரும்பி வந்தால் பணம் இரண்டு இடத்திலும் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் உன்னிடம் வந்து சொல்லமாட்டான், நண்பர்களிடம் சொல்வான். உனக்குத் தெரியவரும்போது அந்தப் பணம் பத்துப் பேர் கை மாறியிருக்கும். நேற்று ராத்திரி பேக்கப்புக்குத் திரும்பினால் திருட்டுப் பணம் போய்விடும். கூடவே ஒரு தப்பும் செய்யாதவர்களின் ஒரு நாளும் போய்விடும். அன்றைக்குத்தான் யாரோ மாதக்கணக்கில் சேர்த்துக் கடை வாங்கியிருப்பார். கூடுமானவரை லாக்கை வைத்து ஒவ்வொருவரிடமிருந்தும் தனித்தனியாக எடு, நேரமானாலும் பரவாயில்லை. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. அதைத் திரும்ப ஏற்றி, ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பார். ஓசியில் கிடைக்கும் லீக் ஸ்கிரிப்ட் பக்கம் போகவே போகாதே. அவற்றில் பின்கதவு வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு.

மனிதர் பஞ்சாயத்தில் தலையிடாமல், டெக்னிக்கல் வேலையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொல்லலாம். உன்னைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் அதைச் செய்து பார்த்திருக்கிறார். 1990-இல் அமெரிக்காவில், ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில், பாவெல் கர்டிஸ் என்பவர் லாம்டாமூ என்ற எழுத்து வடிவ உலகத்தைத் தொடங்கினார். படம் கிடையாது, குரல் கிடையாது. தட்டச்சு செய்துதான் எல்லாம். கூட்டம் சேர்ந்தது, வழக்கும் சேர்ந்தது. சலித்துப்போய் 1992 டிசம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: நிர்வாகிகள் இனி இயந்திரத்தைப் பராமரிப்பதோடு நிற்பார்கள், சமூக முடிவுகளை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்களில், 1993-இல், ஒருவன் மற்றவர்களின் பாத்திரங்களை எல்லார் முன்னாலும் ஆபாசமாக இழிவுபடுத்தினான். என்ன செய்வது என்று ஊர் கூடிப் பேசியது, முடிவு வரவில்லை. கடைசியில் நிர்வாகி ஒருவர் தானாகவே அவனை நீக்கினார். அதன்பின் கர்டிஸ் மனு, வாக்கெடுப்பு என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். 1996-இல் நிர்வாகிகள் மறுபடி அறிவித்தார்கள்: சமூக முடிவுகளிலிருந்து ஒதுங்கியிருப்பது எங்களால் ஆகவில்லை. சர்வரை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ, அவர் வீட்டு வாசலுக்குத்தான் வழக்கு வரும்.

வழக்கைக் குறைக்க ஒரு வழி உண்டு; அதுவும் நேரம் தின்னும். சேர விரும்புகிறவர்களை ஒவ்வொருவராக வாய்ஸில் கூப்பிட்டுப் பேசி, பிறகு வொயிட்லிஸ்ட்டில் சேர்ப்பது. ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இத்தகைய உலகங்களுக்கு வருகிறவர்களை நாலு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், பழக வருகிறவர், மற்றவரைத் தாக்கி மகிழ வருகிறவர். நாலாவது வகை பெருகினால் மூன்றாவது வகை கிளம்பிவிடும் என்பது அவர் கருத்து. ரோல்பிளே நகரம் நிற்பது அந்த மூன்றாவது வகையை நம்பித்தான். பத்து நிமிடம் பேசினாலே, வருகிறவன் கதை சொல்ல வருகிறானா, கிளிப் எடுக்க வருகிறானா என்று ஓரளவு தெரிந்துவிடும். நூறு பேரை ஒரே நாளில் உள்ளே விட ஆசை வரும். வேண்டாம்.

அந்த பார்ட்டில் இன்னொரு காரணத்துக்காகவும் நம் கதைக்கு வேண்டியவர். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கிய மட் என்ற ஆட்டத்தை வளர்த்தவர் அவர். வெளியாட்கள் தொலைபேசி இணைப்பு வழியாக அதை ஆட வந்தபோது, பல்கலைக்கழகக் கணினி சும்மா இருக்கும் இரவு நேரத்தில்தான் இடம் கிடைத்தது. பகலில் உலகம் மூடியிருந்தது. அதனால் அந்த ஆட்டம் செத்துவிடவில்லை. இன்று நாம் ஆடுகிற ஆன்லைன் உலகங்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

அதனால் சொல்கிறேன்: 24 மணி நேரமும் திறந்து வைக்காதே. இதைக் கேட்டால் உன் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வெள்ளி, சனி, ஞாயிறு இரவு எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று வை. வாரம் 12 மணி. அதே அளவு வேலை மூடியிருக்கும்போதும் இருக்கும்: மீதி டிக்கெட், பொருளாதாரக் கணக்கு, அப்டேட் வந்ததும் உடைந்த இன்வென்டரி, அட்மின்களின் மனஸ்தாபம். ஆக வாரம் 24 மணி. உன் கல்லூரி வகுப்பு நேரத்தோடு இதைக் கூட்டிப் பார். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் இருபது பேர் 24 மணி நேரத்துக்குள் சிதறிப்போவார்கள். எப்போது பார்த்தாலும் ஊர் காலியாகத் தெரியும். நாலு மணி நேரத்துக்குள் அடைத்தால் அதே இருபது பேர் கூட்டமாகத் தெரிவார்கள். டொரான்டோத் தமிழர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களுக்குக் கோடையில் இரவு ஒன்பது என்றால் நமக்கு விடிகாலை ஆறரை. அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஓர் அட்மின் கிடைத்த பிறகு அதை யோசிக்கலாம்.

அட்மின் வேலைக்கு ஆள் என்றதும் கோட் தெரிந்தவர்களை மட்டும் தேடாதே. பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர் ஒருவர், விதிகளைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். யாருக்கும் தொடர்ந்து எல்லா இரவும் டியூட்டி போடாதே. நண்பன் சம்பந்தப்பட்ட டிக்கெட்டை நண்பன் தொடக்கூடாது. அட்மின் அதிகாரத்தில் யார் காரை வரவழைத்தாலும், காசு கொடுத்தாலும், நீயே செய்தாலும், லாக்கில் விழ வேண்டும். அந்த லாக்கை மற்ற அட்மின்கள் பார்க்க முடிய வேண்டும்.

நிஜக் காசு பற்றிச் சுருக்கமாக. 2022 நவம்பரில் ராக்ஸ்டார் ரோல்பிளே சர்வர்களுக்கு எல்லை வகுத்தது: லூட் பாக்ஸ் விற்கக்கூடாது, நிறுவன ஸ்பான்சர் கூடாது, கிரிப்டோவும் என்எஃப்டியும் கூடாது, பிறர் உரிமைச் சொத்தைக் கொண்டுவரக்கூடாது. நன்கொடை தந்தவனுக்கு நகரத்துக்குள் சலுகை கொடுத்தால் உன் தீர்ப்பை அதன்பின் யாரும் நம்பமாட்டார்கள். வாடகை உன் கையிலிருந்து ஆறு மாதத்துக்குப் போகும் என்று எண்ணிக்கொள். இன்னொன்று, இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டமும் 18 வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொள்கிறது. உன் டேட்டாபேஸில் ஆட்களின் ஐபி முகவரியும் டிஸ்கார்ட் அடையாளமும் கிடக்கும். வயது கேட்டுச் சேர்; வேண்டாத தரவை வைத்துக்கொள்ளாதே.

மூடும் நாளும் ஒன்று வரும். செமஸ்டர் தேர்வுக்கு மூடுவதாக இருந்தால் தேதி போட்டு முன்கூட்டியே சொல், யாரும் கோபிக்கமாட்டார்கள். நிரந்தரமாக மூடுவதாக இருந்தால் ஒரு மாதம் அவகாசம் கொடு. அவரவர் கதையை முடித்துக்கொள்ள, கேங்குகள் கணக்குத் தீர்த்துக்கொள்ள அது வேண்டும். ஒரு நாள் காலையில் சொல்லாமல் சர்வரை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு; ஆறு மாதம் ஒரு பாத்திரத்தை வளர்த்தவருக்கு அது பெரிய அநியாயம்.

இப்போதைக்கு மெஷின் எதையும் வாடகைக்கு எடுக்காதே. கூட நிற்கப்போகிற நாலு பேரைப் பிடி. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தருவீர்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வை. அவர்களோடு உட்கார்ந்து விதிப்பட்டியலை எழுதி எனக்கு அனுப்பு. இரண்டு பக்கத்தைத் தாண்டினால் படிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
அண்ணன்