சாத்தான் ‘நான்’ என்று பேசினால்...

கேள்வி: ஐயா, நான் பள்ளி ஆசிரியர். பரலோகத்திலிருந்து தள்ளப்பட்ட தூதன் ஒருவன் தன் கதையைத் தானே சொல்வதாக ஒரு குறுநாவல் எழுதி வருகிறேன். எங்கள் சபை ஐயர், “பிசாசுக்கு வாய் கொடுக்காதே” என்று கண்டித்தார். அன்றிலிருந்து பேனாவை எடுத்தாலே பயம். படுத்த பிறகும் அவன் பேச்சு மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் செய்வது பாவமா?
- டி. ஜே., நாசரேத்

பதில்: தம்பி, பயப்பட வேண்டாம். பாவம் இல்லை. வசனம் எழுதிக் கொடுத்ததால் நீங்கள் அவன் கட்சியில் சேர்ந்துவிட மாட்டீர்கள். வேதத்திலேயே சாத்தான் பேசுகிறான். யோபுவைப் பற்றித் தேவனோடு வழக்காடுகிறான். வனாந்தரத்தில் இயேசுவிடம் சங்கீத வசனத்தையே எடுத்துக்காட்டுகிறான். ஆனாலும் ஐயர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். வேதத்தில் அவன் பேசுகிறானே தவிர, கதை சொல்வது அவன் அல்ல. நீங்களோ கதையையே அவன் கையில் கொடுத்துவிட்டீர்கள். கூச்சம் வரத்தான் செய்யும், வரட்டும்.

ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் இதே வழியில் போனவர்தான். 1940 ஜூலையில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் அவருக்கு இந்த யோசனை தோன்றிவிட்டது (பிரசங்கத்தைக் கவனித்தாரா என்று கேட்காதீர்கள்). ஸ்க்ரூடேப் என்ற மூத்த பிசாசு, தொழில் பழகும் மருமான் வார்ம்வுட்டுக்கு எழுதும் 31 கடிதங்கள். 1941-இல் ஒரு ஆங்கிலிக்கன் வார இதழில் வந்து, மறு ஆண்டு புத்தகமாயின. இதில் உள்ள ஆலோசனைகள் பிசாசுத்தனமாக இருக்கின்றன என்று கிராமத்துக் குருவானவர் ஒருவர் சந்தாவையே நிறுத்திவிட்டாராம்!

மனதில் ஓடும் பேச்சு லூயிஸையும் விடவில்லை. இந்தக் குரலில் எழுதுவது சுலபம், ஆனால் இவ்வளவு சந்தோஷமில்லாமல் வேறெதையும் எழுதியதில்லை, மூச்சுமுட்டிப் போனது என்று பின்னாளில் சொன்னார். அன்பைப் பலவீனம் என்றும் ஜெபத்தைத் தொல்லை என்றும் நாள்தோறும் தலைகீழாக எழுதினால் மனம் களைக்கத்தான் செய்யும். அது களைப்பு, பிசாசு பிடித்தது அல்ல. ஒன்று மட்டும்: மனதில் வசனம் ஓடுவது வேறு, காதில் குரல் கேட்பது வேறு. இரண்டாவது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

நான் கவலைப்படுவது வேறொன்றுக்காக. இந்தப் பாத்திரம் எழுதுகிறவரை மயக்கும். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தின் (1667) தொடக்கத்தில் சாத்தான் அப்படியொரு கம்பீரம். மில்டன் தனக்கே தெரியாமல் பிசாசின் கட்சியில் இருந்தார் என்று கவிஞர் பிளேக் சொல்லும் அளவுக்கு! ஆனால் மில்டன் அவனைப் படிப்படியாக இறக்குவதைப் பாருங்கள். தூங்கும் ஏவாளின் காதருகே தேரையாய்க் குந்துகிறான். கடைசியில் தன் கூட்டத்தாரிடம் வெற்றிப் பேச்சை முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்து நிற்கிறான், கேட்பதோ சீறல். கூட்டம் முழுக்கப் பாம்பாகிவிட்டது, அவனும்தான். லூயிஸின் ஸ்க்ரூடேப்பும் கோபத்தில் பூரானாகிவிட, மிச்சக் கடிதத்தைக் காரியதரிசி எழுதி முடிக்கிறான்.

உங்கள் தூதன் ‘நம்பத்தகாத கதைசொல்லி’யாக (உண்மையை மறைத்தோ திரித்தோ சொல்லும் பாத்திரம்) இருக்க வேண்டும். அவன் பொய் வாசகருக்குப் பிடிபட வேண்டும், அவனுக்கு மட்டும் பிடிபடக் கூடாது. லூயிஸின் முதல் கடிதத்திலேயே பாருங்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் படித்துக்கொண்டிருக்கும் நாத்திகர் ஒருவரின் சிந்தனை கடவுள் பக்கம் திரும்புகிறது. பிசாசு வாதாடவில்லை. சாப்பாட்டு நேரமாயிற்றே என்று நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். அவர் தெருவுக்கு வருகிறார். பேப்பர் விற்கும் பையன், 73-ஆம் எண் பஸ். யோசனை கலைந்தது. பிசாசு இதைத் தன் சாமர்த்தியமாகப் பீற்றிக்கொள்கிறது. படிக்கிற நமக்கோ நம் மதியங்கள் ஞாபகம் வருகின்றன. நெருப்பும் கந்தகமும் எதற்கு?

ஆகவே குறுநாவலைச் சுருக்குங்கள். இந்தக் குரல் நீண்டால் சலிக்கும். இரவில் எழுதாதீர்கள். அவன் ஏளனம் செய்யும் மனிதர்களில் ஒருவரையாவது, அவன் அறியாமலே, வாசகர் நேசிக்கும்படி எழுதுங்கள். இதுதான் கடினமான வேலை. முடித்ததும் முதல் பிரதியை ஐயரிடமே கொடுங்கள். எந்த வரியில் அவருக்குக் கோபம் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த வரிகளோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.