பம்மல் ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி எதற்கு?

சென்னைப் புறநகரான பம்மலில் என் சித்தப்பா வீட்டு மாடிப் போர்ஷன் முழுக்க சோலாரில் ஓடுகிறது. மொட்டை மாடியில் ஒரு கிலோவாட் பேனல், படிக்கட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரி. இ.பி. லைன் மாடிக்கு ஏறவே இல்லை. போன மே மாதம் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, மேற்கு ஜன்னலுக்கு எதிரே நிற்கும் இரும்பு பீரோவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வெயில் விழுந்த பாதி சுட்டது. நிழலில் இருந்த பாதி வெதுவெதுப்போடு சரி.

"டபுள் கிளேசிங் போட்டா எல்லாம் சரியாயிடும்னு கண்ணாடிக் கடையில சொல்றாங்கப்பா. போட்டுடலாமா?"

இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

நம்பிக்கை: இரண்டு கண்ணாடி போட்டால் வெயில் சூடு உள்ளே வராது.

பீரோவைச் சுடவைத்தது அறைக் காற்று என்றால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி சுட்டிருக்கும். சுட்டது நேராகப் பாய்ந்த வெயில். அது கண்ணாடியை வெளிச்சமாகத் தாண்டி, பீரோ மீதும் தரை மீதும் பட்ட பிறகுதான் சூடாக மாறுகிறது. மாறிய பிறகு கண்ணாடி வழியே சுலபத்தில் திரும்பிப் போகாது.

டபுள் கிளேசிங் தடுப்பது வேறொன்றை. வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால் கண்ணாடி வழியே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தப்படும் வெப்பத்தை அது பாதியாக்கும். வெளியே மைனஸ் 5, உள்ளே 20 என்று இருக்கும் குளிர்நாட்டு வீட்டுக்கு இது உயிர் காக்கும் பொருள். பம்மலில் ஏசி இல்லாத அறையில் கத்திரி வெயிலில்கூட அந்த வித்தியாசம் மூன்று, நான்கு டிகிரிதான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலுக்கு நாலடி ஜன்னல். உள்ளுக்கும் வெளிக்கும் 3 டிகிரி வித்தியாசம் என்றால் ஒற்றைக் கண்ணாடி வழியே கடந்து வருவது சுமார் 25 வாட் வெப்பம். டபுள் கிளேசிங் அதை 12, 13 வாட் ஆக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பே கிட்டத்தட்ட 100 வாட் வெப்பம் விடுகிறது. ஆனால் நாலு மணி வெயில் அதே மேற்கு ஜன்னலில் விழும்போது, ஒற்றைக் கண்ணாடி வழியே 600 வாட்டுக்கு மேல் உள்ளே வரும். சாதாரணத் தெளிந்த கண்ணாடி இரண்டு போட்டாலும் 500-க்குக் குறையாது. பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சாவித் துவாரத்தை அடைப்பதற்கா இவ்வளவு செலவு?

அந்த வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே வைத்தே மறிக்க வேண்டும். லிண்டல் மட்டத்து சன்ஷேடு மேற்கு வெயிலுக்குப் போதாது, வெயில் சாய்வாக அதன் அடியில் புகுந்துவிடும். வெளியே தொங்கும் மூங்கில் தட்டிதான் வழி. உள்ளே கட்டும் திரைச்சீலை வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு பிடிக்கிறது. அதற்குள் சூடு வீட்டுக்குள் வந்தாகிவிட்டது.

நம்பிக்கை: வெயில் அதிகம் வருவது தெற்கு ஜன்னலில்.

சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட கிட்டத்தட்ட நாலு மாதமும் அது வடக்கே சாய்ந்திருக்கும். அதாவது மே, ஜூனில் தெற்கு ஜன்னலில் நேர் வெயிலே விழாது. மேற்கையும், எல்லாவற்றுக்கும் மேலாக மொட்டை மாடியையும் பாருங்கள். தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடிக்காமல் ஜன்னலுக்குச் செலவு செய்யாதீர்கள்.

நம்பிக்கை: சோலார் வீட்டுக்கு டபுள் கிளேசிங் போட்டால் பேட்டரி மிச்சமாகும்.

எனக்கு மிகவும் கவலை தரும் நம்பிக்கை இதுதான். டபுள் கிளேசிங் மூடி வைத்தால்தான் வேலை செய்யும். மூடிய அறைக்கு ஏசி வேண்டும். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு முழுக்க ஓடினால் நாலைந்து யூனிட் போகும். ஒரு கிலோவாட் பேனல் நாள் முழுக்கத் தருவதே சுமார் நாலு யூனிட். ஜன்னலைத் திறந்து பி.எல்.டி.சி. ஃபேனைப் போட்டால் 30 வாட், பத்து மணி நேரத்துக்கு 0.3 யூனிட். பேட்டரி வீட்டில் திறந்த ஜன்னல்தான் குளிர்சாதனம்.

மத்திய மின்துறை 2018-இல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதியும் இதையே சொல்கிறது. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊரில், திறக்கக்கூடிய ஜன்னல் கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். குளிர் பிரதேசத்துக்கு அதில் பாதி போதும். பழைய இரட்டைக் கதவு ஜன்னலைக் கழற்றிவிட்டு யூ.பி.வி.சி. ஸ்லைடிங் வைக்கிறார்களே, அது ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். மத்தியானம் கடற்காற்று வந்து சேரும் பக்கத்து ஜன்னலுக்கு தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏசி போட்டே ஆகவேண்டிய ஒரே ஒரு அறை இருந்தால், அதற்கு டபுள் கிளேசிங் ஓரளவு உதவும். வெயிலையும் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியாக அது இருக்க வேண்டும்.

நம்பிக்கை: இருக்கும் சட்டத்திலேயே இன்னொரு கண்ணாடியை சிலிக்கோன் வைத்து ஒட்டிவிடலாம்.

தெரிந்த ஒருவர் வீட்டில் அப்படித்தான் ஒட்டினார்கள். முதல் ஐப்பசி மழையிலேயே இரண்டு கண்ணாடிக்கும் நடுவே பனி படர்ந்தது. காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நின்றது, துடைக்க வழியில்லை. ஆலையில் செய்து வரும் யூனிட்டில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஓரத்தில் ஓடும் பட்டைக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். சுற்றிலும் இரண்டு அடுக்கு சீல் இருக்கும். கையால் ஒட்டியதில் இரண்டும் இல்லை. எடையையும் பாருங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 12.5 கிலோ. நாலுக்கு நாலடி ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி என்றால் 37 கிலோ. பழைய கீல் இதைத் தாங்காது.

நம்பிக்கை: விமானச் சத்தத்துக்கு டபுள் கிளேசிங்தான் மருந்து.

இதில் பாதி உண்மை இருக்கிறது. மீனம்பாக்கம் ஓடுபாதை பக்கத்திலேயே இருக்கும் பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் இது நியாயமான கேள்வியும்கூட. அரை அங்குல இடைவெளியுள்ள வழக்கமான யூனிட், விமானத்தின் அடிவயிற்று உறுமலைப் பெரிதாகக் குறைக்காது. சில அலைவரிசையில் இரண்டு கண்ணாடியும் சேர்ந்தே அதிரும். இருக்கும் ஜன்னலை அப்படியே விட்டுவிட்டு, கிரில்லுக்கு உட்புறம் நாலு அங்குலம் தள்ளி இன்னொரு தனிச் சட்டத்தில் லேமினேட்டட் கண்ணாடி வைத்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டும் வேறு வேறு தடிமனாக இருப்பது நல்லது. விளிம்பில் ரப்பர் பீடிங் இறுக்கமாக உட்கார வேண்டும். விமானம் வரும் நேரத்தில் மூடலாம், மற்ற நேரத்தில் திறக்கலாம். ஆனால் ஜன்னலுக்கு மேலே இருக்கும் வென்டிலேட்டர் ஓட்டையைப் பார்க்காமல் விட்டால் சத்தம் அதன் வழியே தாராளமாக வரும்.

சித்தப்பா மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டினார். மழைக்குச் சுருட்டிக்கொள்ள ஒரு கயிறு. தளத்துக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. ஆகஸ்ட்டில் போனபோது நாலு மணிக்கு பீரோவை நானாகவே தொட்டுப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒரே சூடுதான். "படிக்கிற ரூமுக்கு மட்டும் அந்த உள்ஜன்னலை வச்சிடலாமா? பிளஸ் டூ வருதுல்ல" என்றார். வைத்துவிடுங்கள் சித்தப்பா என்றேன். டேப்பை எடுத்து முதலில் வென்டிலேட்டரை அளந்தோம்.